அட்டைக்கு அடியில் இருந்த வாக்கியங்கள்

சிட்டு அப்பாவுக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. நலம் என்று முதல் வரியில் எழுதிவிட்டால் மீதியைப் படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடுவீர்கள். அதனால் அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை போனில்தான் பேசினோமே, இப்போது என்ன கடிதம் என்று கேட்பீர்கள். அதற்குப் பேர் பேச்சா? உங்கள் அறையில் இருக்கும் ஆறு பேரும் பின்னால் கத்துகிறார்கள். நான் ஒன்று சொல்ல வாயெடுப்பதற்குள் "சரி சரி, பாத்துக்கலாம், வெச்சிடட்டா?" என்கிறீர்கள். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாதல்லவா, நான் நிதானமாகச் சொல்வேன்.

கம்பெனியில் என்னை இன்னும் செக்கிங்கிலேயேதான் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது சட்டை. தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் கோணலா, கறை இருக்கிறதா என்று பார்த்து, பிழை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கண் வலிக்கிறது. ஆனால் வேலை நேரம் ஓடிவிடுகிறது. ஓடாதது அதற்கப்புறம்தான். ஆறரைக்கு வீட்டுக்கு வந்தால் மறுநாள் காலை வரை வாயைத் திறக்க வேலை இல்லை. போன வாரம் காலையில் பால்காரர் ஏதோ கேட்டார். பதில் சொல்லப் போனால் குரலே வரவில்லை. செருமிச் செருமித்தான் பேசினேன். அவர் எனக்குச் சளி என்று நினைத்துக்கொண்டு மிளகு போட்டுக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஓர் ஆளுக்குச் சமைப்பதைப் போல எரிச்சலான வேலை உலகத்திலேயே இல்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சுகிறது. தட்டு எதற்கு என்று அடுப்படியிலேயே நின்றுகொண்டு சட்டியோடு சாப்பிட்டுவிடுகிறேன். சிட்டு இருந்தால் "அம்மா, இது என்ன பழக்கம்?" என்று பெரிய மனுஷி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டிருப்பாள்.

அவள் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஹாஸ்டலில் இருந்து ஒரு பொட்டலம் வந்தது. காலாண்டில் எழுதித் தீர்ந்த நோட்டுகளை எல்லாம் பெற்றோர் கையெழுத்துக்காக அனுப்பியிருக்கிறார்கள், திருப்பி அனுப்ப ஒரு மாதத்துக்கு மேல் தவணை. அதில் ஒரு நோட்டு இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு என்றே இருக்கிறது. தினமும் ஐந்து புது வார்த்தை. முதல் கட்டத்தில் வார்த்தை, இரண்டாவதில் இங்கிலீஷிலேயே அர்த்தம், மூன்றாவதில் அந்த வார்த்தையை வைத்து சொந்தமாக ஒரு வாக்கியம். பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. நானும் தினம் ஐந்து வார்த்தை படித்தால் என்ன? அவள் லீவுக்கு வரும்போது திடுதிப்பென்று இங்கிலீஷில் பேசி அவள் வாயை அடைக்கலாமே!

சிரிக்காதீர்கள். பழைய புத்தகக் கடையில் அகராதியே வாங்கிவிட்டேன். முதல் முப்பது பக்கத்தைக் காணோம், அதனால் விலையில் பாதிதான். 'ஏ'யில் தொடங்கும் வார்த்தை எதுவும் அதில் கிடையாது. அந்த மாதிரி வார்த்தை வந்தால் மறுநாள் கம்பெனி கேட்டில் டைம்கீப்பரிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்த மனுஷருக்கு ஏக சந்தோஷம். இருபது வருஷமாக அவரிடம் யாரும் மணி தவிர வேறு எதையும் கேட்டதில்லையாம்.

சிட்டுவின் வாக்கியங்களை நான் பார்ப்பதில்லை. சட்டை மடிக்கும்போது உள்ளே வைப்பார்களே, அந்த அட்டையில் ஒன்றை எடுத்துவந்து மூன்றாவது கட்டத்தை மூடிக்கொண்டுதான் படிக்கிறேன். பார்த்தால் காப்பி அடித்தது போலாகிவிடும் என்று, என் வாக்கியத்தை நானே செய்கிறேன். எல்லாப் பக்கத்திலும் டீச்சரின் சிவப்பு டிக்கும் 'குட்'டும் மட்டும் ஓரத்தில் தெரிகிறது. நம் பிள்ளை கெட்டிக்காரிதான்.

என் சாமர்த்தியத்தையும் பாருங்கள். 'டேம்ப்' என்றால் ஈரம் ஊறி இருப்பது. என் வாக்கியம்: எங்கள் கட்டில் பக்கச் சுவர் டேம்ப். 'கேரி' என்றால் தூக்கிப் போவது. நான் தினமும் சட்டைகளைக் கேரி செய்கிறேன். 'பிரிடெண்ட்' என்றால் பாவனை செய்வது. எங்கள் சூப்பர்வைசர் எப்போதும் பிஸியாக இருப்பதாகப் பிரிடெண்ட் செய்கிறார். இதைத் தையல் பிரிவில் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அவருக்குப் பிரிடெண்ட் சார் என்றே பேர் ஆகிவிட்டது. 'எக்செப்ட்' என்றால் தவிர. அதற்கும் ஒரு வாக்கியம் தோன்றியது. எழுதவில்லை, விடுங்கள்.

அங்கே உங்களுக்கு ஃபோர்மேன் வேலை கைக்கு எட்டி, ரிப்போர்ட் எழுத இங்கிலீஷ் வராததால் நேற்று வந்த பையனுக்குப் போனதே, அன்றைக்கு நீங்கள் போனில் ஒன்றுமே பேசாமல் இருந்தது எனக்கு மறக்கவில்லை. சிட்டுவுக்கு அந்த நிலை வரக் கூடாது என்றுதான் அந்தப் பள்ளி. நானும் தலையாட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை.

அவளுடைய இந்த ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். வழக்கம்போல அவள் நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, நன்றாகப் படிக்கிறாள். எழுத்து முத்து முத்தாக. உங்கள் அலமாரிக் கதவில் ஒட்ட இன்னும் இடம் இருக்கிறதா?

முழங்கை வலியைத் தவிர நான் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தினம் ஐந்து வார்த்தை படிக்கும் உங்கள் வீட்டுக்காரி.

*

சிட்டு அப்பாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பிள்ளை உயிருக்கு ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். வார்த்தை எல்லாம் முடிகிற நேரம், இனி என் வாக்கியத்தையும் அவள் வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து யாருடையது ஒசத்தி என்று தீர்ப்புச் சொல்லலாம் என்று அட்டையை எடுத்தேன். எடுத்திருக்கவே வேண்டாம். இல்லை, முதல் நாளே எடுத்திருக்க வேண்டும்.

அவள் எழுதியிருப்பதை அப்படியே தமிழில் எழுதுகிறேன். ஒவ்வொன்றாக, நிறுத்திப் படியுங்கள்.

டேம்ப்: காலையில் என் மெத்தை டேம்ப் ஆக இருக்கிறது.

கேரி: தினமும் நான் என் மெத்தையை மொட்டைமாடிக்குக் கேரி செய்கிறேன், எல்லோரும் படிகளைச் சத்தமாக எண்ணுகிறார்கள், மொத்தம் முப்பத்திரண்டு.

செபரேட்: மேட்ரன் என் கட்டிலைக் கதவு ஓரமாக செபரேட் ஆகப் போட்டிருக்கிறார்.

பிரிடெண்ட்: இன்டர்வெலில் நான் ஷூ லேஸ் கட்டுவதாகப் பிரிடெண்ட் செய்கிறேன், ஏனென்றால் அப்போது நான் தனியாக நிற்பது யாருக்கும் தெரியாது.

எக்செப்ட்: எல்லோருக்கும் ஃப்ரெண்ட் உண்டு, வாட்ச்மேனையும் என்னையும் தவிர.

எல்லாவற்றுக்கும் டிக். முப்பத்திரண்டு படிக்கு 'குட்'. வாட்ச்மேன் வாக்கியத்துக்கு 'வெரி குட்', பக்கத்தில் ஒரு நட்சத்திரமும்.

மூன்று வயதில் நிறுத்திய பழக்கம் அது. பத்து வயதில் மறுபடி வந்திருக்கிறது. எதற்கு வரும்? பயந்தால்தான் வரும். ஐயோ, அந்தக் கனத்த மெத்தையை அந்தக் குச்சிக் கையால் தூக்கிக்கொண்டு, பிள்ளைகள் ஒன்று இரண்டு என்று கோஷம் போட, அது எப்படிப் படி ஏறியிருக்கும்? 

நான் இன்னும் படித்திராத ஒரு வார்த்தை 'ஏ'யில் இருந்தது, அகராதியில் இல்லை. மறுநாள் டைம்கீப்பரிடம் கேட்டேன். 'அஷேம்ட்'. "அவமானப்படுறது, வெக்கப்படுறதும்மா. எந்த வாக்கியத்துல வந்துது, காட்டு" என்றார். நோட்டைக் கையோடுதான் கொண்டுபோயிருந்தேன், காட்டினேன். அவர் வாய்விட்டுப் படித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். 'இதைத் தெரிந்துகொண்டால் அம்மா என்னை நினைத்து அஷேம்ட் ஆவாள்.' இதுதான் வாக்கியம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "போய்ப் பிள்ளையப் பாரும்மா" என்றார். அன்றைக்கு நான் இருபது நிமிஷம் லேட். கார்டில் அவர் லேட் போடவில்லை.

டீச்சரைத் திட்ட வாய் வரை வந்தது. கண்ணைத் திறந்து பார்க்காமல் டிக் போடுகிற கை என்ன கை என்று. ஆனால் அப்படித் திட்ட எனக்கு என்ன யோக்யதை? சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தால் அம்பு ஒட்டுகிறவள் நான். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'பெற்றோர் கையெழுத்து' என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஐந்து வாரமாக, என் பிள்ளை அழுவதை அட்டையால் மூடி வைத்துக்கொண்டு, சுவர் டேம்ப், சூப்பர்வைசர் பிரிடெண்ட் என்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் ஒரு முட்டாள். நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

புதுப் பிள்ளைகள் பழகட்டும் என்று இதுவரை யாரையும் விடவில்லை, வருகிற மாத முதல் ஞாயிறுதான் முதல் பார்வையாளர் நாள். அதற்கு முன்னால் உள்ளே விட மாட்டார்களாம், போன் செய்து கெஞ்சியும் பார்த்துவிட்டேன். அவளைக் கூட்டி வந்துவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் மனதில் என்ன என்று உடனே எழுதுங்கள். போனில் வேண்டாம், ஆறு பேர் நடுவில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
சிட்டு அம்மா.

*

சிட்டு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பார்வையாளர் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் கிடைத்தது. பிள்ளைகள் கற்பனையாக எழுதும், நீ ஒன்றைப் பத்தாக்காதே, ஹாஸ்டல் என்றால் முதலில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். சாட்சிக்கு அவளுடைய ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்களை வேறு இழுத்திருக்கிறீர்கள். பதினெட்டுக் கடிதத்திலும் 'நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன்' என்று அவளே எழுதியிருக்கிறாளே, அது பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோபம் வந்தது. கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன், போடவில்லை. நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கெல்லாம் கேட்டில் நின்றேன். பிள்ளைகள் ஜெபம் முடிந்து வரும் வரை வகுப்பறையில் உட்காரச் சொன்னார்கள். அவள் வகுப்பு அது. கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு கடிதம் எழுதி இருந்தது, அழிக்கவில்லை. அன்புள்ள அப்பா அம்மா, நான் நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, நன்றாகப் படிக்கிறேன், நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன். கடைசியில் ஒரு கோடு, பேர் எழுதிக்கொள்ள. வாரா வாரம் நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்து எழுதி உறையில் போடுகிறார்கள். இங்கிலீஷில் கடிதம் எழுதும் பயிற்சியாம். உங்கள் அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பது நம் பிள்ளை எழுதியது இல்லை, அந்தப் பலகை எழுதியது. அவள் எழுதியது எல்லாம் அந்த வார்த்தை நோட்டில்தான் இருக்கிறது.

அப்புறம் ஹாஸ்டல் அறைக்குப் போனேன், சிட்டுவின் கட்டில் கதவு ஓரத்தில்தான் இருந்தது. மெத்தை இல்லை. நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, நேராக மொட்டைமாடிக்குப் போனேன். காய்ந்துகொண்டிருந்தது. சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கீழே பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும் என்றுதான் மெதுவாக இறங்கினேன். ஒரு பிள்ளைகூட எண்ணவில்லை. சிட்டு எங்கிருந்தோ ஓடி வந்து, "வேணாம்மா, வெச்சிடு, அத நான்தாம்மா தூக்கணும், மேட்ரன் திட்டுவாங்க" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மெலிந்துபோயிருக்கிறாள். கன்னம் இருந்த இடத்தில் எலும்பு இருக்கிறது.

மேட்ரன் "எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான், ரோஷம் வந்தாத்தான் நிறுத்தும்" என்றார். ரோஷம் யாருக்கு வரும் என்று காட்டுகிறேன் என்று நாலு வார்த்தை கேட்டேன். என்ன கேட்டேன் என்று எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். இனி யாரும் மெத்தை தூக்க வேண்டியதில்லை என்று தலைமை ஆசிரியையே வந்து சொன்னார். டீச்சர் சின்னப் பெண். நோட்டை அவள் கையில் கொடுத்து, "நீங்க போட்ட டிக்தான், படிங்க" என்றேன். நின்றபடியே படித்தாள், அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "வாக்கியம் சரியா அமைஞ்சிருக்கான்னு பாத்தேன் அக்கா, அது என்ன சொல்லுதுன்னு பாக்கலை" என்றாள்.  நானும்தான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். தன் அறைக்குப் பக்கத்து அறையில் சிட்டுவின் கட்டிலை மாற்றிப் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். சொன்னதைச் செய்வாள் என்றுதான் படுகிறது.

சிட்டுவிடம் பெட்டியை எடு, வீட்டுக்குப் போகலாம் என்றேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றாள். "நான் நல்லா இருக்கேம்மா. அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதே" என்று ஒரே பிடிவாதம். கண் நிறைய தண்ணீர் நிற்கிறது, ஒரு சொட்டு கீழே விழவில்லை. எப்படித்தான் நிறுத்தி வைக்கிறதோ அந்தப் பிள்ளை!

மரத்தடியில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டுக்கொண்டே கேட்டேன். முகத்தைப் பார்க்காவிட்டால் பேசும் என்று தெரியும் எனக்கு. அப்போதுதான் சொன்னாள். போன லீவு முடிந்து நீங்கள் கிளம்பிய அன்றைக்கு, பஸ்ஸில் ஏறும் முன்னால் அவள் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என்னவோ பேசினீர்களே, நான் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். "அப்பா திரும்பி வர்ற வரைக்கும் நீ அழக் கூடாது, அம்மாகிட்ட எதையும் குறை சொல்லக் கூடாது. அப்பாவும் அங்க அழ மாட்டேன், யாரையும் குறை சொல்ல மாட்டேன். யாரு ஜெயிக்கிறான்னு பாக்கலாமா?" என்று கேட்டீர்களாம். கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டீர்களாம்.

அதைத்தான் பிள்ளை காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. "நான் அழுதா, அங்க அப்பாவும் அழுதுடுவாரும்மா. அவருக்கு அங்க யாரும் இல்லியே" என்றாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வார்த்தை இருந்தது, 'அன்டில்'. வரைக்கும் என்று அர்த்தம். 'அப்பா வரும் வரைக்கும் நான் ஜெயித்துக்கொண்டே இருப்பேன்' என்று எழுதியிருந்தாள். படித்தபோது என்ன உளறல் இது என்று நினைத்தேன்.

நீங்கள் வர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. நீங்கள் அதை விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பீர்கள், பிரியும் நேரத்தில் அவளைச் சிரிக்கவைக்கத்தான் சொல்லியிருப்பீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. என்னிடமும் அன்றைக்கு ஏறக்குறைய அதையேதான் சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் பத்து வயதுப் பிள்ளை இல்லை, அதனால் தாங்குகிறேன்.

அடுத்த மாத முதல் ஞாயிறு அவளைக் கூட்டிவந்துவிடுவேன். இது கேள்வி இல்லை, முடிவு. நம் தெருமுனைப் பள்ளியிலும் இங்கிலீஷ் இருக்கிறது, பெரிய கட்டடம் மட்டும்தான் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து தினம் ஐந்து வார்த்தை படிப்போம். ஆனால் நான் இழுத்துக்கொண்டு வந்தால் அப்பாவிடம் தோற்றுப்போனேன் என்று நினைத்துக்கொண்டேதான் வருவாள். எத்தனை வயதானாலும் அந்த நினைப்புப் போகாது. அதை என்னால் சரிசெய்ய முடியாது, உங்களால்தான் முடியும்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நானே என் கையால் கொண்டுபோய்க் கொடுப்பேன், தபாலில் வருவதைப் பிரித்துப் பார்க்கும் ஹாஸ்டல் ஆபீஸ் இதைப் பிரிக்காது. இங்கிலீஷில் வேண்டாம், அகராதி பார்க்க வேண்டாத சொற்களில் எழுதுங்கள். உங்கள் கடிதங்களிலும் நலம், வேலை நன்றாகப் போகிறது, சாப்பாடு பரவாயில்லை என்றுதானே எப்போதும் இருக்கிறது. நீங்கள் எந்தப் பலகையைப் பார்த்து எழுதுகிறீர்கள்? அதை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். ஃபோர்மேன் வேலை போன அன்றைக்கு நடந்ததை எழுதுங்கள். அன்றைக்குப் போனில் நீங்கள் பேசாமல் இருந்தபோது மூச்சு வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இத்தனை நாள் நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சிட்டு, அப்பா அழுதுவிட்டேன், நீ ஜெயித்துவிட்டாய், வீட்டுக்குப் போ என்று எழுதுங்கள். அவள் முதல் தடவையாக அழட்டும். நான் பக்கத்தில் இருப்பேன். உங்கள் பக்கத்தில்தான் யாரும் இல்லை, அதனால் எழுதும்போது கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் எப்போது தோற்றாலும் வீட்டில் இருக்கும் உங்கள் வீட்டுக்காரி.